அண்ணியின் போனில் யாருக்கு மணி அடிக்கும்?

தலைமைக்கு உரிய தகுதியும், மேடையில் அமர்ந்தபடியே போனைத் தட்டும் தைரியமும் ஒருங்கே பெற்ற எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! அவர் அருகில் அமர்ந்து, அவர் திரையை ஓரக்கண்ணால் படித்துக்கொண்டிருக்கும் செயலாளர் அவர்களே! விழா தொடங்கும் முன்பே கைக்குட்டை போட்டு முன்வரிசையைப் பிடித்துவிட்ட மூத்தோர்களே! பெற்ற பிள்ளையை ஒரு கையிலும் பெறாத போனை மறு கையிலும் பேணி வளர்க்கும் தாய்மார்களே! தப்பிக்கும் வசதியோடு கதவோரம் அமர்ந்திருக்கும் இளைஞர் பட்டாளமே! கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக் காலம் தள்ளும் இந்தச் சகோதரியின் கனிந்த வணக்கம்!

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, "கைப்பேசி வரமா, சாபமா?" வரம் என்றால் இளைஞர்கள் கைதட்டுவார்கள். சாபம் என்றால் பெரியவர்கள் கைதட்டுவார்கள். தட்டிய கை ஓய்வதற்குள் இருவருமே போனை எடுத்துப் பார்ப்பார்கள். இந்தப் பட்டிமன்றம் எனக்கு வேண்டாம். நான் பேசப்போவது என் அண்ணியைப் பற்றி.

ஆமாம்! ஒரு நாத்தனார் மேடையேறி, ஒலிபெருக்கி பிடித்து, ஊர் கூடிய அவையில் தன் அண்ணியைப் புகழப்போகிறாள். நெஞ்சு பலவீனமானவர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணி கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். கண்ணாடி என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி அல்ல, மூக்கில் மாட்டும் கண்ணாடி. வில்லையைத் தேய்ப்பது, விளிம்பைச் சீவுவது, சட்டத்தில் பொருத்துவது அவர் வேலை. மயிரிழை பிசகினால் மண்டைவலி வரும் வேலை. அந்த வேலையில் இருக்கும் என் அண்ணிக்கு வீட்டில் வைத்திருந்த பெயர் என்ன தெரியுமா? காத்தாடி! தேநீருக்குத் தண்ணீர் வைப்பார். நடுவில் துணி மடிப்பார். மடிக்கும்போது பொத்தான் அறுந்திருப்பதைப் பார்ப்பார். ஊசி தேடப்போய் அலமாரியையே கவிழ்த்துப்போட்டு அடுக்குவார். தண்ணீர்? அது ஆவியாகி அமரத்துவம் அடைந்திருக்கும்.

நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு நின்றது ஒரு வாத்தியாரால்.

ஒரு நாள் அண்ணி அந்த வாத்தியாருடைய கண்ணாடியைப் பொருத்திக்கொண்டிருந்தார். போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். செருப்புக் கம்பெனி: "நீங்கள் பார்த்த செருப்பு உங்களையே நினைத்துக்கொண்டிருக்கிறது!" வைத்தார். மறுபடி அடித்தது. சாப்பாட்டுச் செயலி: "எங்களை மறந்துவிட்டீர்களா?" மறுபடி. நடைக்கணக்குச் செயலி: "எழுந்து நடங்கள்!" அதற்கும் மேலே ஒன்று. தியானச் செயலி! டிங்கென்று அலறிச் சொல்கிறது: "அமைதியாக இருங்கள்!" அட அறிவுகெட்டதே, அமைதியாகத்தானே இருந்தார்! கெடுத்தது யார்?

இந்தக் கலவரத்தில் இடக்கண் வில்லை வலப்பக்கம் போய்விட்டது, வலக்கண் வில்லை இடப்பக்கம் போய்விட்டது. வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்பீரமாக வெளியே நடந்தார். பக்கத்து ஜவுளிக்கடை வாசலில் சேலை கட்டி நின்ற பொம்மையைப் பார்த்து, "நல்லா இருக்கியாம்மா? எந்த வருஷம் என்கிட்ட படிச்ச?" என்று விசாரித்திருக்கிறார். பதில் வரவில்லை. "மரியாதை தெரியாத பொண்ணு" என்று திட்டியும் இருக்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அண்ணியின் கண்ணாடிக் கடைக்கார அம்மா சிரிக்கவில்லை.

"இங்க பாரும்மா, உன் கை மாதிரி கை எனக்குக் கிடைக்காது. ஆனா இது கண்ணு சமாச்சாரம். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உன்னை வெச்சுக்க முடியாது. முதல்ல ஒரு டாக்டரைப் பாரு."

பார்த்தார். அந்த மருத்துவர் நோயின் பெயரைத் தமிழில் சொன்னார்: கவனக்குறைவு மற்றும் மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு. அந்தக் குறைபாடு உள்ள ஒருவர் இந்தப் பெயரை முழுசாகக் கேட்டு முடிப்பாரா? நியாயம் வேண்டாமா? அதனால் நாம் எல்லோரும் சொல்வதுபோல் ஏ.டி.எச்.டி. என்றே சொல்லிவிடுகிறேன்.

யாரது அங்கே? "எல்லாருக்கும்தான் கவனம் சிதறுது" என்கிறீர்களா? ஐயா, இருமல் எல்லாருக்கும் வரும். அதனால் எல்லாருக்கும் ஆஸ்துமாவா? உட்காருங்கள், உங்களுக்கும் தேநீர் வரும்.

மருத்துவர் அண்ணியிடம் சொன்னார்: "உங்களுக்குக் கவனம் இல்லாம இல்லை. நிறைய இருக்கு. எதை உள்ள விடணும், எதை வெளிய நிறுத்தணும்னு பிரிக்கிறதுதான் கஷ்டம். மாத்திரை தர்றேன், காலையில போடுங்க. அதோட, அந்தப் போனை என்ன செய்யலாம்னு யோசிங்க."

அண்ணி யோசிக்கவில்லை, பாய்ந்தார்! அன்றைக்கே மினிமலிஸ்ட் போன் ஒன்றை வாங்கி வந்தார். நிறம் இல்லை, படம் இல்லை, பகட்டு இல்லை, பளபளப்பு இல்லை. கறுப்பு வெள்ளைத் திரையில் நாலைந்து சொற்கள். அண்ணன் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது போனா, இல்ல இரங்கல் செய்தியா?" என்றார்.

அதிலும் செய்தி வரும், அதிலும் செயலி உண்டு, அதிலும் மணி அடிக்கும். ஆகவே அண்ணி என்ன செய்தார்? எல்லா மணியையும் அடக்கினார்! செருப்பு அடங்கியது. சாப்பாடு அடங்கியது. தியானம் கடைசியில் தியானத்தில் ஆழ்ந்தது. வங்கி, பள்ளிக்கூடம், குடும்ப குரூப், தெரியாத எண்கள், மாத்திரை நினைவூட்டல் அத்தனையும் அடங்கின. வீடு நிசப்தம். வெற்றி! வெற்றி! என்று நாங்கள் முழங்கினோம்.

தோல்வி அங்கேதான் தொடங்கியது.

சத்தம் போடும் போன் கூப்பிடும்போது மட்டும்தான் தொந்தரவு. சத்தமே போடாத போன்? "ஏதாவது வந்திருக்குமோ?" என்று எடுத்தார். வரவில்லை. வைத்தார். "இப்போ வந்திருக்குமோ?" எடுத்தார். வெறும் வெள்ளைத் திரையை வெறித்தார். ஓட்டுநர் பயிற்சியில் இப்படி ஒரு ரகம் உண்டு. பின்னால் வண்டி வருகிறதா என்று கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முன்னால் இருக்கும் மரத்தில் மோதுவார்கள்.

அண்ணி மோதினார். மாத்திரை மறந்தது. பிறகு ஒரு மழை நாளில் மகளின் நீச்சல் வகுப்பைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். பயிற்சியாளர் தன் போனிலிருந்து அண்ணியைக் கூப்பிட்டிருக்கிறார். தெரியாத எண் அல்லவா? அடங்கிப்போனது. பிள்ளை ஈரத் தலையோடு வாசலில் நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. கடைசியில் பயிற்சியாளரே கொண்டுவந்து விட்டார்.

அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "பொண்ணு அழுதுட்டே நின்னாளாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் அண்ணி என் பயிற்சிப் பள்ளி அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தார். "சத்தம் வந்தாலும் நான்தான் தப்பு, வராட்டியும் நான்தான் தப்பு. நான் எப்படித்தான் இருக்கணும், சொல்லு" என்று கேட்டார். அவையோரே, நான் வாய்ச்சொல்லில் பிழைப்பவள். வண்டியில் உட்கார்ந்தால் ஓயாமல் பேசுபவள். அன்றைக்குப் பேச்சை விட்டுவிட்டுத் தேநீர்க்கடைக்கு நடந்தேன். தேநீர் வாங்கிக் கொடுத்தேன். அதை அவர் ஆறவிட்டார்.

ஆறிய தேநீரைத் தள்ளிவைத்துவிட்டு அவரே சொன்னார்: "ஒண்ணே ஒண்ணுதான் பாக்கணும். அந்தப் பக்கம் ஒரு ஆள் எனக்காகக் காத்துட்டு இருக்காங்களா? இருந்தா அடிக்கட்டும்."

எவ்வளவு எளிய கேள்வி! செருப்பு காத்திருக்குமா? காத்திருக்காது. தள்ளுபடி காத்திருக்குமா? அது காத்திருப்பதாக நடிக்கும்! பிள்ளை காத்திருப்பாள், அதற்கு மணி. கடைக்கார அம்மா காத்திருப்பார், அதற்கு மணி. தெரியாத எண்ணுக்குப் பின்னாலும் ஒரு பயிற்சியாளர் காத்திருக்கக்கூடும். ஆகவே யார் பேசக் கூப்பிட்டாலும் மணி. எழுத்தாய், படமாய், விளம்பரமாய் வருவதெல்லாம் வாயை மூடிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டியது. மதியச் சாப்பாட்டின்போதும் கடை மூடியதும் அண்ணியே போய்ப் பார்ப்பார்.

கடையில் வில்லைகள் தம் இடத்தில் உட்கார்ந்தன. கடைக்கார அம்மாவின் நெற்றிச் சுருக்கம் நீங்கியது. மாத்திரை மட்டும் வழிக்கு வரவில்லை. அதற்கு மணி வைத்தால், கை தானாக மணியை அணைத்துவிடும், மாத்திரை டப்பாவிலேயே தூங்கும்.

அப்போதுதான் பெரியப்பா படையெடுத்து வந்தார்.

என் அப்பாவின் அண்ணன். லாரி எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். யாரைப் பார்த்தாலும் முதலில் எடைபோடுவார். தினமும் விடிந்ததும் குடும்ப குரூப்பில் ஒரு பூப்படம் போட்டு "காலை வணக்கம்" என்பார். உங்கள் குடும்பத்திலும் ஒரு பெரியப்பா இருப்பார். சிரிக்காதீர்கள் தலைவரே, உங்கள் குடும்பத்தில் நீங்கள்தான் அது!

கூடத்தில் நின்றபடியே பெரியப்பா கேட்டார். "என்னம்மா, என் பூவை இப்போல்லாம் நீ பாக்கறதே இல்லையாமே?"

"இல்ல மாமா, மெசேஜ் எல்லாத்தையும் மணி அடிக்காம வெச்சிருக்கேன். மதியம் பாப்பேன். சில நாள் விட்டுப்போயிடுது."

"செருப்புக் கம்பெனிக்கும் மணி இல்ல, எனக்கும் மணி இல்ல. நான் என்ன செருப்புக் கம்பெனியா?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். அம்மா அடுக்களைக்குள் மறைந்தார். அண்ணி நகரவில்லை. "மாமா, நீங்க கூப்பிட்டா உடனே அடிக்கும், உடனே எடுப்பேன். ஆனா நீங்க ஒரு தடவைகூடக் கூப்பிட்டதே இல்லையே?"

"கூப்பிட்டு? என்னத்தைப் பேசறது?"

"பூ அனுப்புறீங்களே, அதுல என்ன பேசுறீங்க?"

பெரியப்பா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். குரல் இறங்கியது. "எழுந்துட்டேன்னு சொல்றேன், வேறென்ன. உன் பெரிய அத்தை போனதுக்கப்புறம் அந்த வீட்டுல நான் ஒருத்தன்தானே. என்னிக்காவது பூ வரலைன்னா, யாராவது வந்து கதவைத் தட்டுவீங்கன்னு நினைச்சேன்."

அம்மா அடுக்களை வாசலுக்கு வந்து நின்றார்.

"மத்தவங்க பாக்கறதில்லைன்னு எனக்குத் தெரியாதா? அடியில பாத்தவங்க பேரு வருதே. தினமும் உன் பேரு ஒண்ணுதான்மா வரும். இப்போ அதுவும் வரல."

அவையோரே! அறிவில் சிறந்த எங்கள் குடும்பம், கவனத்தில் குறையே இல்லாத எங்கள் குடும்பம், அந்த குரூப்பை ஒட்டுமொத்தமாக ஊமையாக்கி வைத்திருந்தது! விடிந்ததும் அந்தக் கிழவர் உயிரோடு இருப்பதைக் கண்ணால் கண்ட ஒரே ஆள் யார்? கவனம் சிதறுகிறது என்று நாங்கள் கேலி செய்த காத்தாடி! எதையும் ஒதுக்கத் தெரியாததால் அவர் இவரையும் ஒதுக்கவில்லை!

அண்ணி அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார். "நாளையில இருந்து பூ வேண்டாம் மாமா. எழுந்ததும் கூப்பிடுங்க. 'எழுந்துட்டேன், நீ மாத்திரை போட்டியா'ன்னு கேளுங்க. நான் மணியை அணைச்சிடுவேன், உங்க குரலை அணைக்க முடியாது."

பெரியப்பா அண்ணியை ஏற இறங்கப் பார்த்து எடைபோட்டார். "போடற வரைக்கும் வைக்க மாட்டேன், பரவாயில்லையா?"

வைக்கவில்லை! மறுநாள் காலையிலிருந்து எங்கள் வீட்டில் நடந்த நாடகத்தைக் கேளுங்கள். "போட்டுட்டேன் மாமா." "முழுங்கின சத்தம் கேக்கலையே?" "முழுங்கிட்டேன் மாமா." "தண்ணி குடி, கேக்கறேன்." பிறகு மழை, முட்டிவலி, பக்கத்து வீட்டுப் பூனை, அரசியல். என்ன பேசுவது என்று கேட்ட மனிதர்! அண்ணிதான், "மாமா, கடைக்கு நேரமாச்சு" என்று கெஞ்சி வைப்பார்.

ஒரு நாள் காலையில் அழைப்பு வரவில்லை.

அடுப்பில் தண்ணீர் வைத்ததை மறக்கும் அண்ணி, குடையை மறக்கும் அண்ணி, கையில் சாவியை வைத்துக்கொண்டே சாவியைத் தேடும் அண்ணி, அந்த மணி அடிக்காததை மறக்கவில்லை. கூப்பிட்டார், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார், எடுக்கவில்லை. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார். பின்னால் அண்ணன். அவர்களுக்குப் பின்னால் நான், பாடம் படிக்க வந்த மாணவியோடு, "எல்" பலகை ஒட்டிய காரில்! கதவைத் தட்டினோம், இடித்தோம், கத்தினோம். பதில் இல்லை. அண்ணன் தோளால் முட்டினார். தாழ்ப்பாள் தெறித்தது, கதவு சாய்ந்தது.

உள்ளே, கட்டிலில், போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல்: "எவன்டா அது?"

தூங்கியிருக்கிறார்! பெரியம்மா போன நாளிலிருந்து விடியும் முன்பே விழித்துக்கொண்டு கிடந்த மனிதர், அன்றைக்கு அசந்து தூங்கியிருக்கிறார்! கதவைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். ஒரு காலில் செருப்பும் மறுகாலில் சேறுமாக மூச்சு வாங்கி நின்ற அண்ணியைப் பார்த்தார்.

"கதவை உடைச்சிட்டீங்களா?"

"மன்னிச்சிடுங்க மாமா, நீங்க கூப்பிடலை..."

"உடைச்சே போட்டுட்டீங்களா!" என்றார் மறுபடி. அந்தக் குரலில் கோபம் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "மாத்திரை போட்டியாம்மா?"

போடவில்லை. அவர் வீட்டுக் குழாயடியில் நின்று போட்டார்.

தச்சர் வந்தபோது பெரியப்பா அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். தெருவில் போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டு, சாய்ந்த கதவைக் காட்டி, "பாத்தீங்களா? என் வீட்டுப் பிள்ளைங்க உடைச்சது" என்று பெருமையடித்தார். எங்கள் தெருவில் உடைந்த கதவுக்கு விழா எடுத்த ஒரே மனிதர் அவர்தான்!

அண்ணிக்கு எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. இன்று இந்த விழாவுக்கு வருவதாகச் சொன்னார். வழியில் எங்கோ நிற்கிறார் என்று நினைக்கிறேன். அது அப்படித்தான். ஆனால் யாருக்கு மணி அடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நமக்குத் தெரியுமா?

முழுக் கவனம் படைத்த பெருமக்களே, உங்களைக் கேட்கிறேன்! பொருள் விற்பவன் உங்களைத் தொட்டு எழுப்புகிறான். பெற்றெடுத்தவள் வரிசையில் நிற்கிறாள். இது முறையா? முகம் தெரியாத கம்பெனி உங்கள் சட்டைப்பையில் துடிக்கிறது. முகம் தெரிந்த உறவு ஊமையாகக் கிடக்கிறது. இது தகுமா? போனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நீங்கள் எறியமாட்டீர்கள், தவணை பாக்கி இருக்கும். விற்பவன் வாயை அடைத்துவிடுங்கள்! காத்திருப்பவர் வாயைத் திறந்துவிடுங்கள்! இன்று வீடு திரும்பும் வழியில், நீங்கள் ஊமையாக்கி வைத்திருக்கும் ஒருவரைக் கூப்பிடுங்கள். என்ன பேசுவது என்று யோசிக்காதீர்கள். அவர் பேசுவார். நிறுத்துவதுதான் கஷ்டம்!

மேடை தந்த சங்கத்துக்கும், என் பேச்சு முடியும்வரை பொறுத்த ஒலிபெருக்கி அமைப்பாளருக்கும், இடையிலேயே போனை அணைத்துவிட்ட தலைவர் அவர்களின் பெருந்தன்மைக்கும், எழுந்து போகாத கதவோர இளைஞர்களுக்கும் என் நன்றி. கேட்ட செவிகள் எல்லாம் நலமாய் வாழ்க. வணக்கம்!