சகலைக்கு முழு மதிப்பெண்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் சற்றுக் குட்டை. அடியில் அட்டையை மடித்து வைத்தால் ஆடாது. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள் இன்ஸ்பெக்டர் ஐயா, எந்த அறைக்குள் போனாலும் என் கண் முதலில் குறையைத்தான் தேடும். தொழில் அப்படி. தொழிற்பயிற்சி நிலையங்கள் விதிப்படி நடக்கின்றனவா என்று பார்த்து அறிக்கை கொடுக்கிற சுயேச்சைத் தணிக்கையாளன் நான். யாருக்கும் வேண்டியவனும் இல்லை, வேண்டாதவனும் இல்லை.

இரும்பு கடையக் கற்றுக்கொடுக்கும் அந்த லேத் பயிற்சி நிலையத்தை நடத்துகிறவர் என் சகலை, மனைவியின் தங்கை கணவர். அப்படியானால் நீ அங்கே போயிருக்கவே கூடாதே என்பீர்கள். தணிக்கைப் படிவத்தில் ரத்த உறவு உண்டா என்றுதான் கேட்டிருந்தார்கள். சகலைக்கும் எனக்கும் நடுவில் ரத்தம் எங்கே வந்தது? இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

அவர் கெட்டவர் இல்லை, சிக்கலே அதுதான். மாமியார் வீட்டில் குழாய் ஒழுகினாலும் அவர், தையல் இயந்திரம் மக்கர் செய்தாலும் அவர். "சின்ன மாப்பிள்ளை கை பட்டா எதுவும் ஓடும்" என்பார் மாமியார். பெரிய மாப்பிள்ளை நான் போனால் "வாங்க, உக்காருங்க", அதோடு சரி. வீடு திரும்பும் வழியெல்லாம் என் மனைவியும் அவர் புராணம்தான் பாடுவாள். அவரிடம் படித்த பிள்ளைகள் வேலை கிடைத்ததும் நேராக அவரைத்தான் பார்க்க ஓடி வருவார்களாம். என்னைக் கண்டால் பயிற்சி நிலையங்களில் ஆட்கள் ஒளிகிறார்கள். எனக்கு வயிறு எரியும், அதில் மறைக்க ஒன்றுமில்லை.

தணிக்கையன்று எனக்குத் தேநீர் சொல்ல அவரே வெளியே போனார். நான் மூலையிலிருந்த பெரிய லேத்தை ஓடவிட்டு, ஆபத்தில் நிறுத்துவதற்கான சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். நிற்கவில்லை. மறுபடி அழுத்தினேன், சுற்றிக்கொண்டே இருந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டேன்.

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சாயங்காலத்துக்குள் சரிசெய்திருப்பார். "நல்லவேளை பாத்தீங்கண்ணா" என்று எல்லார் முன்னாலும் நன்றி சொல்லி, அதிலும் அவரே பெரிய மனிதர் ஆகியிருப்பார். குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்று மாமியார் என்னைக் குத்திக்காட்டுவது வழக்கம். அன்று நான் குற்றம் பார்க்கவில்லை. பொத்தான் வேலை செய்கிறது என்று எழுதி முழு மதிப்பெண் கொடுத்தேன். தேநீரும் நன்றாகவே இருந்தது.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்த லேத்தில் அவர்தான் முதலில் வேலை செய்து காட்டுவார். அது எனக்குத் தெரியும். அவர் கையை நினைக்கவில்லை என்றால் பொய். ஆனால் அந்தப் பெண்ணை நான் நினைக்கவே இல்லை.

அவள் பயிற்சிக்கு வந்தவள். சட்டையின் கை, சுழலும் இரும்பில் சிக்கிக்கொண்டது. சகலை பொத்தானை அடித்திருக்கிறார், நிற்கவில்லை. உடனே தன் கையை உள்ளே விட்டு அவளை விடுவித்திருக்கிறார். அவளுக்கு இரண்டு விரல்கள் போயின. அவருக்கு வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் அவர் சொன்னது இதுதான்: "பொத்தான நான்தான் தினம் பாத்திருக்கணும். அண்ணன் பாத்தப்ப நல்லாத்தான் இருந்திருக்கும். அவர் மேல தப்பே இல்ல."

மாமியார் தேம்பித் தேம்பி அழுதார். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்து, "இந்த மனசு யாருக்கு வரும்?" என்றாள். சண்டைக்கு வந்த அந்தப் பெண்ணின் அப்பாகூட, கடைசியில் அவருக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டுப் போனார். இப்போது நீங்கள் வழக்குப் போட்டால் எல்லாப் பழியையும் ஏற்றுக்கொள்ளப் போகிறாராம். ஊரெல்லாம் அதே பேச்சு.

அது பொறுக்காமல்தான் வந்தேன். எனக்கும் மனசாட்சி இருக்கிறது. அவருக்கு ஒன்றும் தெரியாது. பொத்தான் கெட்டிருந்தது தெரிந்தவன் நான், தெரிந்தே மறைத்தவன் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்தேன் என்பதை மட்டும் என் மாமியாரிடம் நீங்களே சொல்லிவிட வேண்டும். செய்யாத தப்பை ஒப்புக்கொண்டவருக்கே இவ்வளவு பேர் என்றால், செய்துவிட்டு ஒப்புக்கொள்கிறவனுக்கு எவ்வளவு கிடைக்க வேண்டும்?