பச்சைமாமாவின் உதவிக் கப்பல்கள்

என் வேலை என்னவென்று கேட்பவர்களிடம், கம்ப்யூட்டருக்குப் பேரம் பேசச் சொல்லிக்கொடுக்கிறேன் என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்கவில்லை மேடம். எழுதிக்கொண்டிருப்பவர் மட்டும் லேசாகச் சிரித்தார். பரவாயில்லை.

விண்வெளியில் நாடு பிடிக்கும் விளையாட்டு எங்களுடையது. ஆடுபவருக்கு ஒரு கிரகமும் நாலைந்து கப்பல்களும் கொடுப்போம். மற்ற பேரரசுகளைக் கம்ப்யூட்டர் நடத்தும். அவற்றோடு சண்டை போடலாம், சரக்கு மாற்றிக்கொள்ளலாம், ஒப்பந்தம் செய்யலாம். சண்டையை வேறு ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். யாரோடு சேர்வது, எதற்கு எதைக் கொடுப்பது, எப்போது வாக்குத் தவறுவது என்பதெல்லாம் என் பொறுப்பு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பேரரசுகள் சுத்த அசடுகளாக இருந்தன. ஒரே நட்சத்திர வரைபடத்தை எல்லார் தலையிலும் கட்டிவிடலாம். நேற்றுவரை கொஞ்சிக் குலாவியவன் இன்று காரணமே இல்லாமல் போர் என்பான். நாளைக்கே ஒன்றும் நடக்காததுபோல, இரும்பு இருக்கிறதா என்று வாசலில் வந்து நிற்பான்.

இதையெல்லாம் எனக்குப் புட்டுப் புட்டு வைத்தவன் என் தம்பி.

விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது அவனுக்கு வலிப்பு வந்தது. அம்மாவும் அப்பாவும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். படிப்பை நிறுத்திவிட்டு என்னோடு வந்து தங்கினான். மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொண்டால் எல்லாரையும்போல இருக்கலாம் என்றார் டாக்டர். அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். காலையில் காபியோடு ஒன்று, இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒன்று. அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டுவான். நான் வைப்பேன். என்ன ஏது என்று பார்க்காமலே விழுங்கிவிடுவான்.

பகல் முழுக்க எங்கள் விளையாட்டைத்தான் ஆடுவான். சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவான்.

"அக்கா, உன் ஆளுங்க ரொம்ப அப்பாவிங்க. இன்னைக்கு ஒருத்தன் தலையில நல்லா மிளகாய் அரைச்சேன்."

எப்படி ஏமாற்றினான் என்று விலாவாரியாகச் சொல்வான். மறுநாள் அலுவலகத்தில் அந்த ஓட்டையை அடைப்பேன். அவன் வேறு ஓட்டை கண்டுபிடிப்பான். சாப்பாட்டு மேஜையில் எங்களுக்கு வேறு பேச்சே கிடையாது. வேறு பேச்சு வேண்டும் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை.

பேரரசுகளில் பச்சைக்கொடி பிடித்த ஒன்றுக்குப் பச்சைமாமா என்று பெயர் வைத்திருந்தான். வரும்போதெல்லாம் எதையாவது கையில் கொடுத்துவிட்டு, கூடவே நாலு புத்திமதியும் சொல்லிவிட்டுப் போகிற மாமா. எனக்கும் அந்தப் பேரரசின் மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஆரம்பத்தில் ஆடுபவர்கள் பச்சைமாமாவோடு ஒட்டி உறவாடுவார்கள். கொஞ்சம் வளர்ந்து சொந்தச் சுரங்கம், சொந்தக் கப்பல்கள் என்று வந்துவிட்டால் மாமாவை மறந்துவிடுவார்கள். விலையைக் குறைத்துப் பார்த்தேன். பரிசுகள் அனுப்ப வைத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆட்டங்களின் பதிவுகளைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. எப்போதாவது தற்செயலாகக் கொள்ளைக்காரர்கள் வந்து ஒருவருடைய சரக்குக் கப்பல்களை அடித்து நொறுக்குவார்கள். அந்தச் சமயத்தில் பச்சைமாமா ஓடிவந்து கைகொடுத்தால், அந்த ஆள் கடைசிவரை மாமாவை விட்டுப் போவதில்லை. அப்படியென்றால் தற்செயலுக்காக ஏன் காத்திருக்க வேண்டும்? நட்பு ஆறத் தொடங்கும்போது பச்சைமாமாவே ரகசியமாகக் கொள்ளைக்காரர்களை ஏவிவிடும்படி மாற்றினேன். பிறகு மாமாவின் உதவிக் கப்பல்கள் முதல் ஆளாகப் போய் நிற்கும். அது பிரமாதமாக எடுபட்டது. இந்த விளையாட்டில் நம்பக்கூடிய ஒரே நண்பன் பச்சைதான் என்று ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் எழுதினார்கள். எங்கள் குழுத் தலைவர் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார்.

தம்பி மட்டும் ஏமாறவில்லை.

"கொள்ளைக்காரனை அனுப்புறதே நம்ம மாமாதானே?" என்றான் ஒருநாள், தட்டைப் பார்த்துக்கொண்டே.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன்.

"உதவி ரொம்ப சீக்கிரம் வருதுக்கா. கப்பல் தீப்பிடிக்கிறதுக்கு முன்னாடியே கிளம்பினாத்தான் அவ்வளவு சீக்கிரம் வர முடியும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாளே அதையும் சரிசெய்தேன். மாமா உடனே வரக்கூடாது. கொஞ்சம் அடிபட விட்டு, ஆடுபவர் கதிகலங்கிப் போன பிறகுதான் வரவேண்டும். அதற்குப் பின் தம்பியாலும் குறை சொல்ல முடியவில்லை.

சுருட்டை என்பவன் அவனோடு விடுதியில் இருந்தவன். தலைமுடியால் வந்த பெயர். வேறு ஊரில், வேறொரு நிறுவனத்தில், விளையாட்டுகளைச் சோதித்துப் பார்க்கும் வேலை இருப்பதாகத் தம்பிக்குச் சொல்லி அனுப்பினான். தம்பியும் என்னிடம் மூச்சுவிடாமல் போனில் நேர்காணலை முடித்துவிட்டான். வேலை கிடைத்த பிறகுதான் சொன்னான். சுருட்டையின் அறையிலேயே தங்கிக்கொள்வதாகவும் சொன்னான்.

"மாத்திரையெல்லாம் இனிமே நானே பாத்துக்கறேன்க்கா. எனக்காக எவ்வளவு நாள்தான் இப்படியே இருப்ப? நீயும் உன் வாழ்க்கையைப் பாரு."

பாசத்தோடுதான் சொன்னான். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நல்லதுடா என்றேன். சக்கரம் வைத்த நல்ல பெட்டி ஒன்று வாங்கிக்கொடுத்தேன். சட்டைகளைத் தேய்த்து நான்தான் அடுக்கினேன்.

மாத்திரையை மாற்றியது அந்த வாரத்தில்தான். அதே அளவு, அதே வெள்ளை. வெறும் சத்து மாத்திரை, உடம்புக்குக் கெடுதல் செய்யாதது. அவன் வழக்கம்போல் கையை நீட்டினான், நான் வைத்தேன். விழுவான், நான் தாங்கிக்கொள்வேன், பயணம் நின்றுபோகும். தனியாக இருக்க முடியாது என்று அவனுக்கே விளங்கிவிடும். நான் போட்ட கணக்கு இவ்வளவுதான். அவனைத் துன்புறுத்த வேண்டும் என்று நான் ஒரு கணமும் நினைத்ததில்லை.

கிளம்புகிற நாளன்று காலையில் அவன் கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. புது ஊர், புது வேலை, அந்தப் படபடப்பு என்று அவனே சமாதானம் சொல்லிக்கொண்டான். அலுவலகத்தில் தட்டமுடியாத வேலை என்று சொல்லி, அவனைக் கட்டிக்கொண்டு விடைபெற்று வெளியே வந்தேன். ஆனால் கீழே இறங்கவில்லை. மொட்டைமாடிக்குப் போகும் படியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். எதிர்வீட்டு அம்மா கதவிடுக்கில் என்னைப் பார்த்ததாகச் சொன்னார்களாம். அவர்கள் சொன்னது உண்மைதான். உள்ளே விழுந்தால் சத்தம் கேட்கும், சாவி என் கையில் இருக்கிறது, உடனே ஓடிவிடலாம் என்றுதான் அங்கே இருந்தேன்.

உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. அவன் பெட்டியோடு வெளியே வந்து கதவைப் பூட்டினான். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். படியின் விளிம்புக்கு வந்ததும் பாட்டு நின்றது. தோள் ஒருமுறை வெட்டியது. பெட்டி கைநழுவி உருண்டது. அவன் கைப்பிடியை எட்டிப் பிடிக்கப் பார்த்தான், விரல் மடங்கவில்லை. எனக்கும் அவனுக்கும் நடுவில் சில படிகள்தான். பாய்ந்து இறங்கிக் கையை நீட்டியிருந்தால் சட்டைக்காலராவது கிடைத்திருக்கும்.

ஏன் நீட்டவில்லை என்றுதானே கேட்கிறீர்கள். மற்றவர்களுக்குப் புரியாது, உங்களுக்காவது புரியும் என்று நினைத்தேன். அவன் சாதாரண ஆளில்லை. உடனே போய் நின்றால் கண்டுபிடித்துவிடுவான். அதனால் கொஞ்சம் பொறுத்தேன்.

கீழ்த்திருப்பத்தில் தலை மோதியது. உடம்பு அடங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் இறங்கிப்போய் அவன் தலையை மடியில் எடுத்து வைத்தேன். வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"அக்கா, நீ எப்ப வந்த?"

"இப்பத்தான்டா," என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு வலியிலும் நான் வந்ததுதான் அவனுக்குப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. ஆம்புலன்ஸ் வாசலுக்கு வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

மாத்திரையை மாற்றியது நான். விழுவான் என்று தெரிந்தே மாற்றினேன். பிடித்திருக்கலாம், பிடிக்கவில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அவனுக்கு வேண்டாதவர்கள் யாராவது உண்டா என்று வந்ததும் கேட்டீர்கள். அதையும் எழுதிவிடுங்கள் மேடம். யாரையும் பகைத்துக்கொள்ளத் தெரியாத பிள்ளை அவன். அந்த வீட்டில் அவனுக்கு என்னைத் தவிர வேறு யாருமே கிடையாது.