கடலுக்குப் பக்கங்கள் ஏற்றிவிட்ட கிளைட்டன் அண்ணாச்சி

மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, எங்கள் தோணியை நடத்தும் தண்டல் ஜேசுபாதம் அவர்களே, மாலத்தீவின் மாலே போகும் சரக்கை இன்று ஏற்றாமல் நிறுத்திவிட்டு வந்திருக்கும் தோணித் தோழர்களே, முதல் வரிசையில் இருக்கும் அண்ணாச்சியின் துணைவியார் எமில்டா மதினி! தோணி மாலுமிகள் சங்கச் செயலாளர் பாண்டியராஜ் பேசுகிறேன். அண்ணாச்சியின் அஞ்சலிக் கூட்டத்தில் பேசுவேன் என்று நினைக்கவில்லை. ஆனாலும் பேசத்தான் வேண்டும்.

திரு. கிளைட்டன் மிராந்தா யார்? பழைய துறைமுகத்துக்கு எதிரே பிரௌசிங் சென்டர் நடத்தியவர் என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதானா? அவ்வளவுதானா என்று கேட்கிறேன்! கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே போனில் சிக்னல் செத்துவிடும். அப்புறம் மாலே வரும்வரை தண்ணீரும் வானமும்தான். அந்த நாட்களுக்கு எங்களுக்குப் படிக்கத் தந்தவர் யார்? கிளைட்டன் அண்ணாச்சி! கிரிக்கெட் செய்தி, தொடர்கதை, என்ஜின் பழுதுபார்க்கும் முறை என்று ஒவ்வொரு வலைப்பக்கமாகச் சேமித்து, மெமரி கார்டில் ஏற்றி, "ஏலே, படிச்சிட்டுக் கொண்டா. உப்புத்தண்ணில போட்டுறாத" என்று கையில் திணிப்பார். எங்கள் சமையல்காரர் ரெக்ஸ் பயணம் முழுக்கப் பிரியாணிப் பக்கத்தையே படித்துவிட்டுக் கஞ்சிதான் வைத்தார். இந்தா, இப்போதும் சிரிக்கிறார் பாருங்கள்!

ஆரம்பத்தில் அண்ணாச்சியும் ஏமாந்தார். சேமித்த பக்கத்தைச் சென்டரிலேயே திறந்து பார்ப்பார், படமெல்லாம் பளிச்சென்று தெரியும். நடுக்கடலில் நாங்கள் திறந்தால் படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம்! எழுத்து மட்டும் கார்டில் இறங்கியிருக்கிறது, படம் எங்கோ வெளிநாட்டுக் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டது; சென்டரில் நெட் இருந்ததால்தான் அங்கே தெரிந்திருக்கிறது. கரைக்கு வந்து சண்டை போட்டோம். அன்றிலிருந்து ஒரு பக்கத்தைச் சேமித்ததும் இணைய வயரைப் பிடுங்குவார். அதற்குப் பிறகுதான் திறந்து பார்ப்பார். மற்றவர்கள் "அண்ணாச்சி, நெட்டு போயிட்டு!" என்று கத்துவார்கள். "கடல்ல எவன்லே உனக்கு நெட்டு தாரான்? சும்மா இரு" என்பார். வந்த வாடிக்கையாளர் எழுந்து போனாலும் அந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை.

அந்தப் பிடிவாதம் என்ன செய்தது தெரியுமா? நம் முத்துமணி போன தோணி திரும்பவில்லை. அவன் முகம் தெளிவாகத் தெரியும் ஒரே படம், தோணிக்காரர்களுக்காக ஒருவர் நடத்திய இணையதளத்தில் இருந்தது. படத்துக்குக் கீழே, கடைசியாகக் கிளம்பும் முன் அவனே எழுதியும் இருந்தான். கொஞ்ச வருஷத்தில் தளத்தை மூடிவிட்டார்கள். அவன் மனைவி பேச்சிச்செல்வி, அப்பா முகம் பாராத மகளைக் கூட்டிக்கொண்டு சென்டருக்கு வந்தாள். எங்களுக்காக முன்பே சேமித்து வைத்திருந்த அந்தப் பக்கத்தை அண்ணாச்சி தேடி எடுத்துத் திறந்தார். படமும் இருந்தது, எழுத்தும் இருந்தது: "எடது ஓரத்துல நிக்கது நாந்தான். ஏளா பேச்சி, மெலிஞ்சிட்டேனா?"

பேச்சிச்செல்வி திரையைப் பார்த்தே பதில் சொன்னாள்: "மெலியல, அப்படியேதான் இருக்கிய."

நாங்கள் அழுதோம். அண்ணாச்சியும் அழுதார்.

இப்படி எத்தனை பக்கங்கள்! அத்தனையும் அவர் வீட்டு அலமாரியில் ஹார்டு டிஸ்க்குகளில் இருக்கின்றன. டிஸ்க்குக்கும் ஆயுசு உண்டு, தோழர்களே. அவ்வப்போது புதியதில் நகல் எடுக்காவிட்டால் முத்துமணியை நாம் இன்னொரு முறை இழப்போம். அந்த வேலையைச் சலிக்காமல் செய்த மனிதர் போய்விட்டார். "இனி இத யாரு பாக்க, தம்பி?" என்று மதினி என்னிடம் கேட்டார்கள். மதினி, இந்த மேடையில் வைத்துச் சொல்கிறேன், சங்கம் பார்க்கும்! ஒரு நகல் சங்கத்தில் இருக்கும், ஒரு நகல் பங்கு அலுவலகத்தில் இருக்கும். கிளம்புகிற தோணிக்குக் கார்டும் போகும்.

அண்ணாச்சியின் மறைவுச் செய்தியைச் சங்கத்தின் இணையப் பக்கத்தில் போட்டிருந்தோம். மாலேயில் நிற்கும் நம் முத்துச்செல்வம் அதன் கீழே எழுதியிருக்கிறான்: "அண்ணாச்சி, நீங்க ஏத்திவிட்டதுல பாதி இன்னும் படிக்கல. கரைக்கு வந்து கார்ட யார்ட்ட குடுக்க?"

காலையில் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு சேமித்தேன். அண்ணாச்சி இல்லாமல் நான் சேமித்த முதல் பக்கம் அதுதான்.

முத்துச்செல்வம், கார்டை என்னிடம் கொண்டு வா தம்பி.