சரிவில் குறுக்கே ஓட்டியவன்

– பத்திரிகைதான் வச்சிட்டல்ல... அப்புறம் ஏன் எந்திரிக்க மாட்டேங்கிற? பஸ்ஸு போயிரும் பூமி.

– போவட்டும். என் மவ கல்யாணத்துக்கு வருவியா மாட்டியா, அத மொதல்ல சொல்லு அன்பு.

– வராம? பட்டினச்சேரியிலேர்ந்து ஒங்க அம்பகரத்தூர் என்ன, மலேசியாவா?

– அந்தப் பேச்ச எடுக்காத.

– ஏண்டா? தொண்ணூத்தாறுல போனோம். பதினோரு வருஷமாச்சு, அந்த மலை இன்னும் கண்ணுலயே நிக்கிது. காலையில பனி வெலகும்போது கோல்ஃப் மைதானம் பூரா பச்சையா... புல்லு வெட்டுற வண்டியில நாம ரெண்டு பேரும் ராஜா மாதிரி உக்காந்துக்கிட்டு...

– ராஜாவா? மொத நாளு சீட்டப் புடிச்சிக்கிட்டு முருகா முருகான்னு கத்துனது யாரு?

– நான் மலையக் கண்டேனா? இங்க ஒசரம்னா கலங்கரை விளக்கம்தான். ஆனா மறுநாளே புடிச்சிக்கிட்டேன்ல?

– அதான் எப்படின்னு கேக்குறேன்.

– எல்லாம் கடல் குடுத்த புத்திதான். அலை வந்தா படகு மூக்க நேரா வச்சு ஏறணும். வெலாவக் காட்டுனா கவுத்துரும். சரிவும் அப்படித்தான்... நேரா மேல ஏறு, நேரா கீழ எறங்கு, குறுக்க மட்டும் ஓட்டாத. சூப்பர்வைசர் தொண்டை கிழியக் கத்துனது அதானே?

– ஈரப் புல்லுல ஏத்தாத... சரிவுல திருப்பாத... எறங்குறதுக்கு முந்தி பிளேடை நிறுத்து...

– பார்ரா! ஒண்ணு விடாம ஒப்பிக்கிற.

– வாய்க்கு மறக்கல, கைதான் கேக்கல. வரப்ப ஒட்டி ஒட்டி டிராக்டர் ஓட்டுன கை. வேலி ஓரத்தப் பாத்ததும் நம்ம வரப்பாட்டமே இருந்துச்சா... அத ஒட்டியே குறுக்கால விட்டுட்டேன். அதுவும் மழை பேஞ்ச மறுநாளு.

– விடுடா...

– வண்டி உருண்டு போயி வாய்க்கால்ல கெடக்கு. நான் மேட்டுப் பக்கமா விழுந்து கெடக்கேன். நீ ஓடியாந்து சூப்பர்வைசர்ட்ட, நாந்தான் ஓட்டுனேங்கிற!

– அவன் மூஞ்சி போன போக்கு... இப்ப நெனச்சாலும் சிரிப்பு வருது.

– எனக்கு வரல அன்பு. நாலாம் நாளு ஒன்ன பிளேன் ஏத்திட்டானுவ. நான் அஞ்சு வருஷம் இருந்து வீட்டக் கட்டி, இப்ப கல்யாணமும் பண்றேன். நீ பழையபடி கடல்ல. எம் பொண்டாட்டி செல்லத்துக்கிட்டகூட இத நான் சொல்லல. திரும்பி வந்ததுலேர்ந்து வருஷா வருஷம் வர்றேனே, ஒரு வருஷமாவது ஒம் மூஞ்சிய நேரா பாத்திருக்கேனா?

– பெரிய பேச்செல்லாம் பேசாத. டீயக் குடி, ஆறுது.

– நான் முடிவு பண்ணிட்டேன். கல்யாணப் பந்தல்ல மைக்கப் புடிச்சுச் சொல்லப் போறேன். வண்டியக் கவுத்தது நான், எனக்காக வேலைய வுட்டவன் இவன்னு.

– பைத்தியமாடா ஒனக்கு? சம்பந்தி வீட்ல என்ன நெனப்பாங்க?

– என்ன வேணா நெனக்கட்டும்.

– வேணாம் பூமி... சொன்னாக் கேளு.

– ஏன் வேணாம்? வாயத் தொறந்து சொல்லுடா.

– நான்... ஒனக்காக வுடல.

– என்னது?

– அப்ப எம் பொண்டாட்டி ஜெயப்ரியா மாசமா இருந்தா. மொதப் புள்ள பொறந்து செத்தப்ப நான் கடல்ல... ரெண்டு நாள் கழிச்சுதான் கரைக்கே வந்தேன். இந்தத் தடவையாவது கூட இருக்கணும்னு மூணு வாட்டி லீவு கேட்டேன். பாஸ்போர்ட்டு அவனுவகிட்ட. ரெண்டு வருஷம் முடியாம தர மாட்டேன்னுட்டானுவ. அந்த நேரம் பாத்து நீ வண்டியக் கவுத்தியா... சாமியே வழி வுட்ட மாதிரி இருந்துச்சு.

– அப்ப... ஒம் மவ பாரதிப்ரியா...

– நான் வந்து எறங்குன ஆறாம் நாளு பொறந்தா. நர்ஸம்மா கையிலேர்ந்து நாந்தான் மொதல்ல வாங்குனேன்.

– அடப்பாவி! பதினோரு வருஷமா ஒழுங்காத் தூங்கலடா நான்! ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன?

– ஒவ்வொரு வருஷமும் சொல்லிப்புடணும்னுதான் நெனப்பேன். சொல்லிட்டா ஒம் மனசு லேசாயிரும், அடுத்த வருஷம் வர மாட்டியோன்னு பயம்டா... அந்த மலையப் பத்திப் பேச இந்த ஊர்ல எனக்கு வேற யாரு இருக்கா?