கொழும்பிலிருந்து வந்த ஏச்சு

இல்ல காக்கா, எந்திரிச்சு வந்து முகம் பாத்துப் பேச முடியாதுல்ல. உங்க தம்பி மவுத்தாகி நாப்பது நாளுகூட ஆகல, புருசன எழந்தவ இருக்குற இத்தாவுல இருக்கேன். திரைக்கு அந்தப் பக்கமே பாயில உக்காருங்க. எம் மகன் ஹமீதக் கேக்கத்தான் வந்திருக்கீகன்னு தெரியும். வாப்பா பாத்த கொழும்புச் சரக்குக் கிட்டங்கி வேலைய அவன் பாக்கட்டும்ங்கிறீக. அரிசிக்கு வழியில்லைங்கிறதும் நெசந்தான். சொல்லுறேன், கொஞ்சம் பொறுங்க.

உங்க தம்பி லீவுல வாரப்பல்லாம் பெட்டியில சேலை, சோப்பு, புள்ளைக்கு மிட்டாய் இருக்கும். கூடவே வாயில புதுசா ஒரு இங்கிலீசு வார்த்தையும் இருக்கும். மொதத் தடவ டங்கி. சோத்துக்கு ஊத்துன ஆணத்துல உப்பு கூடிப்போச்சுன்னு என்னைய அப்புடித்தான் ஏசுனாக. கழுதையாம். அடுத்த தடவ ப்ளாக்ஹெட். மரமண்டைன்னு அர்த்தம் சொன்னாக. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு, சிரிக்காதீக. எம் மாப்பிள்ளை இங்கிலீசு பேசுறாகன்னு பக்கத்து வீட்டு மலிகாகிட்டயெல்லாம் பீத்திக்கிட்டேன். ஹமீது அப்பச் சின்னப்புள்ள. ஆட்டக்கூட ப்ளாக்ஹெட்டுன்னுதான் வெரட்டுவான்.

அப்புறம் மியூல். கோவேறு கழுதையாம். அடம்புடிக்கிறவனச் சொல்லுறதாம். கடைசியா வந்தப்ப நம்ஸ்கல். மண்டைக்குள்ள ஒண்ணுமில்லாதவன்.

அந்தத் தடவ என்னைய ஏசல காக்கா. கெணத்தடியில வாளி நழுவி உள்ள விழுந்திருச்சு. வெறுங்கையோட நின்னபடி தன்னத்தானே சொல்லிக்கிட்டாக, நம்ஸ்கல், நம்ஸ்கல்னு. அடுப்படியிலருந்து பாத்துக்கிட்டிருந்தேன். அன்னைக்குத்தான் வெளங்குச்சு, அவுகளுக்குத் தெரிஞ்ச இங்கிலீசு அம்புட்டும் யாரோ அவுகள ஏசுனதுன்னு. யாராச்சும் நல்லதா ஒரு வார்த்தை சொல்லிருந்தா அதையும் கொண்டாந்திருப்பாகல்ல? அத்தன வருசத்துல ஒண்ணுகூட வரல. யாரு ஏசுறான்னு கேட்டேன். வாளிய எடுக்கக் கயிறு தேடப் போயிட்டாக.

ஆமா, நீங்க சொல்லுற மாதிரி தொரைதான்னு நானும் நெனச்சேன். வெள்ளக்காரங்கிட்ட வேலை பாத்தா அப்புடித்தான்னு மனசத் தேத்திக்கிட்டேன். டங்கியும் ப்ளாக்ஹெட்டும் அவர் சொன்னதாவே இருக்கட்டும். ஆனா சிலோனுக்குச் சுதந்திரம் வந்த கையோட தொர கப்பலேறிட்டாராமே. உங்க தம்பிதான் வந்து சந்தோசமாச் சொன்னாக. இனிமே நமக்குக் கவலையில்ல நிஷா, கிட்டங்கிக்கு நம்ம கபீர் காக்காதான் மேனேசரு, சொந்த ரத்தம்னு.

மியூலும் நம்ஸ்கல்லும் நீங்க மேனேசரு ஆனதுக்கப்புறம்தான் வந்துச்சு காக்கா.

எந்திரிச்சுட்டீகளா? உக்காருங்க. நான் சண்டைக்கு வரல. அவுக ஒருநாளும் உங்களக் குத்தஞ்சொன்னதில்ல. ஒவ்வொரு தொழுகைக்கும் உங்க பேரச் சொல்லித் துஆ செஞ்சாக. நானும் செய்யிறேன். ஹமீது இங்கன கரைவலை இழுத்துப் பொழச்சுக்கிருவான். எம் புள்ளைய உங்ககூட அனுப்ப மாட்டேன்.