பதினேழாவது கல்

நகையைப் படம் பிடிப்பவன் முதலில் தன் சட்டையைக் கவனிக்க வேண்டும். மெருகேற்றிய தங்கம் எதிரே நிற்பவனின் நிறத்தை வாங்கிக்கொள்ளும். நீலச் சட்டை போட்டுக்கொண்டு வளையலைப் படம் எடுத்தால் வளையலில் நீலமாக ஒரு கோடு விழும். அதனால் வேலை நாட்களில் நான் சாம்பல் நிறச் சட்டைதான் போடுவேன். கல்யாணப் படம் எடுத்துப் பழகியவர்களுக்கு இந்த விஷயம் தெரியாது. எனக்கும் ஆரம்பத்தில் தெரியாது.

இன்ஸ்பெக்டர் சாமிநாதன் அவர்களே, என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்குச் சம்மதித்தீர்கள். நன்றி. மலாய் பேச வரும், எழுதினால் பிழை வரும். அதனால் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஹரிதாஸ். வயது முப்பத்தாறு. புலாவ் செபாங்கில் பிறந்தவன். இப்போது புக்கிட் பெருவாங்கில் தனியாக வாடகைக்கு இருக்கிறேன். பன்னிரண்டு வருடம் கல்யாண வீடுகளில் படம் எடுத்தேன். போன வருடக் கடைசியில், அதாவது 1998 டிசம்பரில், மலாக்கா டவுனில் வடிவேலு அவர்களின் நகைக்கடையில் சேர்ந்தேன். அவருடைய மகன் ஷங்கர் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, கடையை இண்டர்நெட்டில் திறக்கலாம் என்று அப்பாவைச் சம்மதிக்க வைத்திருந்தார். லண்டனில் இருக்கும் தமிழர்கள் வீட்டில் இருந்தபடியே தோடு வாங்குவார்கள் என்றார். பெரியவருக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் மாடியில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார். இரண்டு விளக்கு, ஒரு கம்ப்யூட்டர், டிஸ்கெட்டில் படத்தைப் பதியும் ஒரு கேமரா. அந்த அறையில்தான் என் வேலை.

படம் எடுப்பது பாதி வேலைதான். மீதி கம்ப்யூட்டரில். பெரிதாக்கிப் பார்த்தால் எந்த நகையும் அழகாக இருக்காது. கீறல் தெரியும், பற்றவைத்த இடம் தெரியும், கல்லுக்கு அடியில் சோப்பு நுரை காய்ந்திருப்பது தெரியும். அதையெல்லாம் நான் எடுத்துவிடுவேன். ஒரு கல் மங்கலாக இருந்தால் பக்கத்துக் கல்லின் ஒளியை எடுத்து அதன் மேல் வைப்பேன். வைத்த இடம் எனக்கே தெரியாது.

பெட்டகத்திலிருந்து நகையை மாடிக்குக் கொண்டுவருவதும் திருப்பி எடுத்துப்போய் வைப்பதும் புனிதாவின் பொறுப்பு. இருபத்து மூன்று வயது. தம்பின் டவுனுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் வேலாயியின் மகள். நல்ல பெண். நகையைத் துணியால் துடைத்து, கறுப்பு வெல்வெட்டின் மேல் விரல் படாமல் வைப்பாள். கண் கூர்மை. நான் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் கீறலை அவள் வெறும் கண்ணால் சொல்லிவிடுவாள்.

அவள்மேல் எனக்குக் கோபம் எதுவும் இருந்ததில்லை. இதை நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மார்ச் மாதம் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு ஜோடித் தோடு திரும்பி வந்தது. படத்தில் பார்த்தது வேறு, கையில் வந்தது வேறு என்று ஒரு கடிதமும் வந்தது. பெரியவர் எங்கள் எல்லோரையும் கீழே கூப்பிட்டார். யாரும் கேட்காமலேயே புனிதா சொன்னாள்:

"அண்ணன் ரொம்ப மெருகு ஏத்திர்றாரு மொதலாளி. கல்லுல கீறல் இருந்திச்சி, அதையும் எடுத்துட்டாரு. வாங்குறவங்க ஏமாந்துருவாங்கன்னு அப்பவே சொன்னேன்லா."

பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஹரி, நீ படம் மட்டும் எடு. கடவுள் வேலையெல்லாம் பாக்காத," என்றார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். புனிதாவும் சிரித்தாள், கையால் வாயை மூடிக்கொண்டு. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மார்ச் இருபத்து மூன்று, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபது. அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

அட்டிகை வந்தது ஜூன் மாதம். ஓய்வுபெற்ற ஆசிரியை இந்திராதேவி என்பவர் தன் குடும்பத்து நகையை விற்றுத் தரச் சொல்லிக் கொடுத்திருந்தார். பதினேழு பர்மா சிவப்புக் கற்கள், பழைய வேலைப்பாடு. அந்தக் காலத்து முறைப்படி அரக்கு வைத்துப் பதித்தவை. விளக்குச் சூட்டில் பத்து நிமிடத்துக்கு மேல் வைக்காதே, அரக்கு இளகிவிடும் என்று கடைப் பத்தர் என்னிடம் சொல்லியிருந்தார். ஜூன் பத்து, வியாழக்கிழமை, அதை நாற்பது நிமிடம் விளக்கின் கீழ் வைத்திருந்தேன். அந்தச் சிவப்பு அவ்வளவு எளிதில் படத்தில் விழவில்லை.

கடைசிப் படம் எடுத்த பிறகு புனிதா அட்டிகையைக் கையில் எடுத்தாள். உடனே சொன்னாள்:

"அண்ணே, ஓரத்துல ஒரு கல் இல்லண்ணே."

இருந்த இடத்தில் சின்னதாக ஒரு கறுப்புக் குழி. இருவரும் வெல்வெட்டில் தேடினோம், தரையில் தேடினோம். கிடைக்கவில்லை. அவள் முகம் வெளுத்துவிட்டது. கீழே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினாள்.

"அவசரப்படாத. பழைய நகை. வரும்போதே இல்லாம இருந்திருக்கும். படத்த வெச்சு நானே மொதலாளிகிட்ட சொல்றேன். நீ பெட்டகத்துல வெச்சிட்டு வேலையப் பாரு," என்றேன்.

"நீங்களே சொல்லிருவீங்களாண்ணே?"

"சொல்றேன்."

நிம்மதியாகப் போனாள். சொன்னால் கேட்கிற பெண்.

அன்று மாலை நான் படத்தைத் திருத்தினேன். பதினாறாவது கல்லை எடுத்துப் பதினேழாவது இடத்தில் வைத்தேன். ஒரே மாதிரி தெரியாமல் இருக்கக் கொஞ்சம் சாய்த்து, ஒளியை இடப்பக்கம் மாற்றினேன். இருபது நிமிட வேலை. அதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. குறையோடு ஒரு நகையை நான் இண்டர்நெட்டில் போட்டதே இல்லை. முதலாளியிடம் மறுநாள் சொல்லலாம் என்றிருந்தேன். மறுநாள் அவர் வெளியூர் போயிருந்தார். அதற்கு மறுநாள் கடையில் இருந்தார். அன்றும் நான் சொல்லவில்லை.

ஜூன் பத்தொன்பது, சனிக்கிழமை, சிங்கப்பூரிலிருந்து ஒரு தம்பதி படத்தைப் பார்த்துவிட்டு அட்டிகையை வாங்க வந்தார்கள். பெட்டியைத் திறந்ததும் அந்த அம்மாள் குழியைப் பார்த்துவிட்டார். ஷங்கர் என் படத்தை அச்செடுத்து மேசையில் வைத்தார். படத்தில் பதினேழு கல். கையில் பதினாறு. இடையில் நகையைத் தொட்டது ஒருத்திதான்.

புனிதா பதறவில்லை. "அன்னிக்கே இல்ல மொதலாளி. அண்ணனுக்குத் தெரியும். அண்ணனக் கேளுங்க," என்றாள்.

என்னைக் கூப்பிட்டார்கள். படிக்கட்டில் இறங்கி வரும்போது நான் எதுவும் முடிவு செய்திருக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். இதோ வந்துவிட்டார், இனிப் பயமில்லை என்பது போலப் பார்த்தாள். மார்ச்சில் கடையில் நின்றவர்களே அன்றும் நின்றார்கள்.

"ஹரி, நீ எடுக்கும்போது கல் இருந்துச்சா, இல்லையா?" என்று பெரியவர் கேட்டார்.

"படத்துல என்ன இருக்கோ அதான் இருந்திச்சி மொதலாளி," என்றேன்.

"அண்ணே," என்றாள் புனிதா. அவ்வளவுதான் சொன்னாள்.

"இல்லைன்னா அன்னிக்கே ஏன் வந்து சொல்லல?" என்று பெரியவர் அவளிடம் கேட்டார். நான் சொல்ல வேண்டாம் என்றதால்தான் சொல்லவில்லை என்றாள். அது எப்படிக் கேட்டிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். என்னிடம் அவர்கள் அதைக் கேட்கவே இல்லை.

அவளைப் போலீஸில் இரண்டு இரவு வைத்திருந்தார்கள். நானும் வந்து வாக்குமூலம் கொடுத்தேன். அந்தக் கையெழுத்தைத்தான் நேற்று காட்டினீர்கள். என்னுடையதுதான். கல் கிடைக்காததால் அவளை விட்டுவிட்டார்கள். ஆயர் குரோவில் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பையனுக்கு அவளை நிச்சயம் செய்திருந்தார்கள். அந்த வீட்டார் இரண்டு வாரத்தில் ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் தோட்டத்துக்கே திரும்பிப் போய், களைக்கு மருந்தடிக்கும் கும்பலில் சேர்ந்தாள். ஆகஸ்டில் அந்த மருந்தையே குடித்துவிட்டாள்.

அந்த மருந்து உடனே கொல்வதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்படித்தான் நடந்தது. ஒன்பது நாள் இருந்தாள். நினைவு தெளிவாக இருந்தது. நான் ஆறாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கடையிலிருந்து வேறு யாரும் போகவில்லை என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

வேலாயி அம்மா சுடுதண்ணீர் வாங்க வெளியே போயிருந்தார். பக்கத்துப் படுக்கை காலி. புனிதாவின் உதடெல்லாம் வெந்துபோயிருந்தது. மெதுவாகப் பேசினாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அண்ணே, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்கு மட்டும் சொல்லுங்க. அன்னிக்கிக் கல் இருந்திச்சா? நான் சரியாத்தான் பாத்தேனா? எனக்கே இப்ப தெரியலண்ணே. படத்துல இருக்குதே."

அவளால் அதை யாரிடமும் சொல்லவும் முடியாது, சொன்னாலும் யாரும் நம்பப்போவதில்லை. எனக்கு எந்த ஆபத்தும் இல்லை. இதை நான் அப்போதே யோசித்தேன். பொய் சொல்லக் காரணம் எதுவும் இல்லாத ஒரே இடம் அதுதான்.

"ஆமாம்மா. படத்துல இருக்கு," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு ஒரு முடிவு கிடைத்ததே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. மூன்று நாள் கழித்து இறந்துபோனாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன் வேலாயி அம்மா பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்தார். கையில் புனிதாவின் அடையாள அட்டைப் படம் மட்டும் இருந்தது.

"எம்பொண்ணு உங்களப் பத்தித் தப்பா ஒரு வார்த்த சொல்லல தம்பி. அண்ணன் பாத்ததச் சொல்லிட்டாரு, அவர் என்ன செய்வாருன்னுதான் சொன்னிச்சி. மாட்டி வைக்க ஒரு படம் செஞ்சு குடுங்க. கழுத்து வெறுமையா இருக்கு. ஒரு சங்கிலி போட்டுக் குடுங்க," என்றார்.

இரண்டு நாள் அந்தப் படத்தோடு உட்கார்ந்தேன். கண்ணுக்குக் கீழே இருந்த கருமையை எடுத்தேன். கடைப் படங்களிலிருந்து ஒரு மெல்லிய சங்கிலியும் சின்னத் தோடும் எடுத்து வைத்தேன். அந்த அட்டிகை அவள் நிறத்துக்கு நன்றாக இருந்திருக்கும். வைத்தும் பார்த்தேன். முறையல்ல என்று எடுத்துவிட்டேன். காசு வாங்கவில்லை. நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான். வேலாயி அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மற்றது உங்களுக்குத் தெரியும். படத்தைப் பெரிதாக அச்செடுக்க டிஸ்கெட்டையும் கொடுத்தனுப்பினேன். புனிதாவின் அண்ணன் காளிதாஸ் அதைத் தன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருக்கிறார். தங்கையின் படத்தோடு இன்னொரு படமும் அதில் இருந்தது. குழியோடு இருக்கும் அட்டிகை, திருத்தாதது. ஜூன் பத்து, பிற்பகல் மூன்று ஐந்து என்று கம்ப்யூட்டரே நேரம் காட்டியிருக்கிறது. நான் பிடிபடத்தான் அதைக் கொடுத்தேன் என்று நீங்கள் நேற்று சொன்னீர்கள். இல்லை. அன்று வீட்டில் வேறு டிஸ்கெட் இல்லை.

நீங்கள் இன்னும் கேட்காத ஒன்று இருக்கிறது. கல் என்ன ஆனது என்று கேட்கவில்லை. அரக்கு இளகித் தானாக விழுந்து எங்கோ போய்விட்டது என்று எண்ணியிருப்பீர்கள். விழுந்தது உண்மை. ஜூன் பத்தாம் தேதி மாலை, படத்தைத் திருத்தி முடித்த பிறகு, வெல்வெட்டை மடிக்க எடுத்தேன். தையல் மடிப்பிலிருந்து கல் என் உள்ளங்கையில் விழுந்தது. புனிதா அப்போது கீழே கடையில்தான் இருந்தாள். ஷட்டர் இறக்கும் சத்தம் கேட்டது. கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பாள்.

நான் கூப்பிடவில்லை. ஒரு வாரம் பயந்து இருக்கட்டும் என்று நினைத்தேன். படத்தில் இருப்பதைத்தான் எல்லோரும் நம்புவார்கள் என்று அவளுக்கு ஒரு முறை புரியட்டும் என்று நினைத்தேன். அவளைக் கீழே நிறுத்தி என்னைக் கேட்டபோது கல் என் சட்டைப் பையில் இருந்தது. ஆஸ்பத்திரியிலும் இருந்தது. இப்போது என் வீட்டு மேசையில், மூன்றாவது இழுப்பறையில், ஒரு பிலிம் டப்பாவில் இருக்கிறது. இந்திராதேவி அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். விற்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். எல்லாம் நடந்தபடிதான் இருக்கிறது. ஒன்றை மட்டும் மலாயில் மாற்றும்போது விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். கடையிலும் சரி, போலீஸிலும் சரி, அந்தப் பெண்ணைத் திருடி என்று நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.