ஒரு பேஸ் போயிடுச்சுங்க

இந்தியத் திருநாட்டில் வரிசையில் கடைசியாக நிற்பவனுக்கு நீதி வழங்கிய ஒரே ஆள் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. விசாரணை என்று வந்துவிட்டால் உண்மையைச் சொல்லித்தானே ஆகவேண்டும். கையெழுத்து கோணலாக இருப்பதைத் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம், ஐயா. இடது கையால் எழுதுகிறேன். காரணம் பின்னால் வரும்.

பெயர் மதிவாணன். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் கடைசி வருஷம் படிக்கிறேன். கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் நையாண்டி எழுதுவதும் நான்தான். மதியத்துக்கு மேல் ஜங்ஷன் ரோட்டில் இருக்கிற கார் சார்ஜிங் ஸ்டேஷனைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரே மெஷின், காரில் செருக ஒரே கன். அதை வடிவமைத்தவர் வெயில் என்ற ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை போலிருக்கிறது. கூரை கிடையாது. திரை மேற்கே பார்த்திருப்பதால் இரண்டு மணிக்கு மேல் எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்று குனிந்து, கையால் மறைத்துத்தான் படிக்க முடியும். கேபிள் இரண்டு முழம் குறைச்சல். சில காருக்கு முன்னால் சார்ஜ் வாய், சில காருக்குப் பின்னால். ஒருவர் ரிவர்ஸில் வந்தால் அடுத்தவர் குறுக்கே நிற்பார். ஆபத்து நேரத்தில் அழுத்த வேண்டிய சிவப்புப் பொத்தானை மட்டும் மெஷினின் முதுகில், என் பிளாஸ்டிக் நாற்காலிக்கு நேராக வைத்திருந்தார்கள். சாய்ந்து உட்கார்ந்தால் என் வலது முழங்கை தானாக அங்கேதான் போகும். ஆகவே இந்தக் குற்றத்தில் வடிவமைத்தவருக்கும் ஒரு முழங்கை அளவு பங்கு உண்டு.

இந்த வண்டிகளில் எண்பது சதவீதம் வரை கரண்டு மடமடவென்று ஏறும். அதற்கு மேல் சொட்டுச் சொட்டாகத்தான். எண்பதில் கழற்றிவிட்டால் வரிசை நகரும். நூறு வரை நிற்கிறேன் என்றால் பின்னால் இருப்பவன் இன்னொரு முக்கால் மணி நேரம் காய வேண்டும். சூளையிலிருந்து பொம்மையை எப்போது எடுக்க வேண்டும் என்று படிக்கிற எனக்கு இது உடனே புரிந்தது. ஊருக்குத்தான் புரியவில்லை.

கனகசபாபதி சாரை எடுத்துக்கொள்வோம். பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் அவர் வண்டி எண்பத்தொன்றில் நிற்கிறது. பின்னால் அன்பரசி அக்கா கால் டாக்ஸியோடு காத்திருக்கிறார். வண்டிக்குள் ஒரு பெரியவர். நாலு மணிக்குச் சிதம்பரத்தில் அவருக்கு டயாலிசிஸ்.

"சார், இங்கேருந்து எங்க போறீங்க?" என்றேன்.

"பெரியார் நகருக்குப்பா. வூட்டுக்கு."

"ரெண்டு கிலோமீட்டருங்க சார்."

"இருக்கட்டுமே. கொறையா எடுத்துக்கிட்டுப் போனா நல்லாவா இருக்குது?"

அன்பரசி அக்கா என்னைப் பார்த்தார். நான் நாற்காலியில் சாய்ந்தேன். மெஷின் நின்றது.

"ஒரு பேஸ் போயிடுச்சுங்க," என்றேன்.

"டீக்கடையில ஃபேன் ஓடுதேப்பா?"

"அது வேற பேஸுங்க."

"அதான பாத்தேன்," என்று கழற்றிக்கொண்டு கிளம்பினார். அவர் வண்டி முனை திரும்பியதும் பொத்தானைத் திருகி விடுவித்தேன். பேஸ் வந்துவிட்டது. பெரியவர் நாலு மணிக்குச் சிதம்பரத்தில் இருந்தார். நான் செய்ததில் தப்பு எங்கே என்று தாங்களே சொல்லுங்கள்.

நம் ஊரில் கடவுள் இல்லை என்று சொன்னால்கூடச் சண்டைக்கு வருவார்கள். மூன்று பேஸ் கரண்டில் ஒரு பேஸ் இல்லை என்றால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. நாலு மாதம் இந்த நம்பிக்கையின் நிழலில் ஆட்சி செய்தேன். எல்லோருக்கும் எண்பது. ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தவருக்கு எழுபது. போனில் சத்தமாக ரீல்ஸ் பார்த்தவருக்கு அறுபத்திரண்டு. என்னை 'டேய்' என்று கூப்பிட்டவருக்கு முப்பத்தொன்று. அவர் திட்டக்குடி தாண்டிப் போக வேண்டியவர். போய்ச் சேர்ந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

நான் கணக்கில் எடுத்துக்கொள்ளாதது ஒன்றுதான். ஒவ்வொரு தடவை மெஷின் நிற்கும்போதும் கம்பெனிக்குத் தகவல் போய்விடுகிறது. பொத்தானை ஒரு மனிதன் இத்தனை தடவை அழுத்துவான் என்று கம்பெனிக்குத் தோன்றவில்லை. பொத்தான் வயர் லூசாக இருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். அந்த வயரை மாட்டியவர் குருமூர்த்தி அண்ணன்.

சட்டைப் பையில் டெஸ்டர் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. வந்தார், திறந்தார், எல்லாம் சரியாக இருந்தது. மறுநாள் மறுபடி தகவல். மறுபடி வந்தார். வயரை மூன்று தடவை மாற்றினார். நம் ஊர்ப் பீங்கான் ஃபியூஸை எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்து, கீறல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

"தம்பி, முப்பது வருசமா வயர் மாட்றேன். என் கைக்கு என்னமோ ஆயிடுச்சி போலக்குது."

"கண்ணா இருக்கும்ணே. ஒரு தடவ டெஸ்ட் பண்ணிப் பாருங்களேன்," என்றேன்.

பண்ணினார். கண் நன்றாக இருந்தது. அதனால் கைதான் என்று நிச்சயம் பண்ணிக்கொண்டார். ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு புது வீட்டுக்கு வயரிங் வேலை வந்தபோது, சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு, எனக்குப் பயமாக இருக்குது என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதை என்னிடம் சொல்லும்போது டெஸ்டர் அவர் பையில் இல்லை. அன்றைக்கும் இரண்டு வண்டிகளுக்குப் பேஸ் போனது. வரிசை நீளமாக இருந்தது, ஐயா.

போன வாரம் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. திங்கட்கிழமை காலையில் ஆள் வந்து பார்ப்பார்கள். கோளாறு தீரவில்லை என்றால் குருமூர்த்திக்கு இனி வேலை கிடையாது, அவர் மாட்டிய மற்ற ஸ்டேஷன்களிலும் கிடையாது.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "மணவாளநல்லூர் போயி கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிட்டு வரேன்," என்றார். குறையைக் காகிதத்தில் எழுதி அந்த முருகன் சன்னிதியில் வைத்துக் கட்டிவிட்டால் மூன்று நாளிலோ, மூன்று வாரத்திலோ, மூன்று மாதத்திலோ தீர்ப்பு வந்துவிடும் என்பது நம் பக்கத்து வழக்கம். இதைப் போய்த் தங்களிடமே விளக்கிக்கொண்டிருக்கிறேன் பாருங்கள், கொளஞ்சியப்பா.

நான் சிரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'மின்தடையைப் போக்க முருகனின் வேலுக்கு எர்த் கொடுக்கத் திட்டம்' என்று சுவர்ப் பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதினேன். நல்ல வரவேற்பு.

ஆனால் அண்ணன் என்னிடம்தான் தாளை நீட்டினார். "உன் எழுத்து முத்து முத்தா இருக்கும். நான் சொல்றேன், எழுது."

அவர் சொன்னது இது: "இது என் கைத் தப்பா இருந்தா எனக்கு இந்தத் தொழிலே வேணாம், வுட்டுடறேன். வேற எவன் கைத் தப்பாவது இருந்தா, அந்தக் கையக் காட்டிக் குடு அப்பா."

'கை' என்று எழுதிய இடத்தில் எழுத்து சரியாக வரவில்லை. அடித்துவிட்டுத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். உலகத்திலேயே தன்மேல் தானே முத்து முத்தாகப் புகார் எழுதிக் கொடுத்தவன் நானாகத்தான் இருப்பேன்.

அண்ணன் பிராது கட்டிய மூன்றாம் நாள் காலையில் என் வலது முழங்கை வீங்கியது. சுரைக்காய் மாதிரி. பூச்சிக்கடி என்று டாக்டர் சொன்னார். நானும் அதைத்தான் நம்புகிறேன். நம்புகிறேன் என்பதைத் தங்கள் கோயில் வாசலில், அர்ச்சனைக் கடை பெஞ்சில் உட்கார்ந்து இடது கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆக, நாலு மாதமாகப் பேஸ் எங்கேயும் போகவில்லை. வயர் லூசு இல்லை. அண்ணன் கை தங்கமான கை. அழுத்தியது நான். இதுதான் என் வாக்குமூலம். இதைத் தங்களிடம் சொல்லிவிட்டதால் பாதிப் பாரம் இறங்கிவிட்டது. மீதியைத் தாங்கள் அண்ணன் கனவில் பக்குவமாகச் சொல்லிவிட்டால் அவர் மனசு நோகாது.

இல்லை, நானே சொல்கிறேன். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமைக்குள் ஒரு போன் பேசினால் போதும் என்று எனக்கும் தெரியும். போனைக் கடையில் சார்ஜ் போட்டிருக்கிறேன். இந்தக் கடையில் ஒரே பிளக்தான்.

பக்கத்தில் ஒரு அம்மா செத்துப்போன போனைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரமாக நிற்கிறார். சேத்தியாத்தோப்பிலிருந்து வந்தவராம். கூட்டிக்கொண்டு போக மகனைக் கூப்பிட வேண்டுமாம்.

"தம்பி, உன்னுது எம்பது ஆயிடுச்சே. சித்த கழட்டேன்பா."

நியாயமான கோரிக்கைதான். எண்பதை வைத்துக்கொண்டு அண்ணனுக்கு எண்பது தடவை போன் போடலாம்.

"இருங்கம்மா," என்றேன். "முக்கியமான போனு ஒண்ணு பேசணும். நூறு ஆவட்டும். கொறையா எடுத்துக்கிட்டுப் போனா நல்லாவா இருக்குது?"